ஏரி மீன்பிடிப்பில் மீன் கண்டறி கருவி: வரலாறும் தேர்வும்

மீன் கண்டறி கருவி என்பது நீருக்குள் ஒலியலைகளை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைக் கொண்டு நீரின் ஆழம், அடித்தரையின் தன்மை, இடையே இருக்கும் மீன்கள் ஆகியவற்றைக் காட்டும் மின்னணுக் கருவி ஆகும். எதிரொலியால் ஆழத்தை அளக்கும் எக்கோ சவுண்டர் கருவியிலிருந்தே இது வளர்ந்தது. கடலுக்காகத் தொடங்கிய இக்கருவி, 1950களின் இறுதியில் அமெரிக்காவின் உள்நாட்டு ஏரிகளில் சிறு படகுகளுக்கு ஏற்ற வடிவம் பெற்றது.

ஏரிப் படகுக்கு இக்கருவியை வாங்க முயல்பவர் இன்று அதிர்வெண், கற்றைக் கோணம், திரைப் புள்ளிகள், ஜிபிஎஸ், பக்கவாட்டுக் காட்சி, நேரலைக் காட்சி எனப் பல சொற்களை எதிர்கொள்கிறார். இவை ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் மீன் பிடிப்பவர்கள் சந்தித்த ஒரு சிக்கலுக்குக் கிடைத்த விடை. எந்த வசதி எந்தச் சிக்கலுக்காக வந்தது என்பது தெரிந்தால், தனக்கு எது தேவை, எது தேவையில்லை என்று பிரித்தறிவது எளிதாகும்.

ஏரியில் நடந்த முதல் அளவீடு

எதிரொலியைக் கொண்டு ஆழத்தை அளக்க, நீரில் ஒலி எவ்வளவு வேகமாகச் செல்கிறது என்பது முதலில் தெரிய வேண்டும். இந்த அளவீடு 1826-ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் ஜெனீவா ஏரியில் நடந்தது. இயற்பியலாளர் டேனியல் கொலாடனும் கணிதவியலாளர் சார்லஸ் ஸ்டர்மும் இந்த ஆய்வுடன் தொடர்புடையவர்கள். ஒரு படகில் நீருக்கடியில் தொங்கவிடப்பட்ட மணி அடிக்கப்பட்டது. அதே நொடியில் வெடிமருந்து கொளுத்தப்பட்டு ஒளி எழுப்பப்பட்டது. 13 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த மற்றொரு படகில், நீரில் அமிழ்த்திய நீண்ட குழாய் வழியே மணியோசை கேட்கப்பட்டது. ஒளி தெரிந்ததற்கும் ஓசை கேட்டதற்கும் இடைப்பட்ட நேரத்திலிருந்து, நீரில் ஒலியின் வேகம் நொடிக்கு 1435 மீட்டர் எனக் கணக்கிடப்பட்டது. நவீனக் கருவிகள் தரும் மதிப்புக்கு இது மிக நெருக்கமானது.

காற்றில் ஒலி செல்லும் வேகத்தைப் போல இது நான்கு மடங்குக்கும் அதிகம். 10 மீட்டர் ஆழமுள்ள ஏரியில் படகிலிருந்து கிளம்பும் ஒலி அடித்தரையில் பட்டுத் திரும்ப, ஒரு நொடியில் ஏறத்தாழ எழுபதில் ஒரு பங்கு நேரமே ஆகிறது. இவ்வளவு குறுகிய நேரத்தை அளந்து கண்ணுக்குக் காட்டுவதே அடுத்த நூறாண்டுகளின் வேலையாக இருந்தது.

பனிப்பாறையிலிருந்து மீன் வரை

1912 ஏப்ரலில் டைட்டானிக் கப்பல் பனிப்பாறையில் மோதி மூழ்கியது. கண்ணுக்குத் தெரியாத தடைகளை ஒலியால் கண்டறியும் முயற்சிகளை இந்த விபத்து விரைவுபடுத்தியது. ஜெர்மனியைச் சேர்ந்த அலெக்சாண்டர் பெம் 1913-இல் எதிரொலி ஆழமானிக்குக் காப்புரிமை பெற்றார். கனடாவில் பிறந்த ரெஜினால்ட் ஃபெசன்டன் 1914-இல் கடலில் நடத்திய சோதனையில் பனிப்பாறையிலிருந்து எதிரொலி பெற்றார். முதல் உலகப் போரில் நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டறிய வேண்டிய தேவை எழுந்தபோது, பிரான்சின் பால் லான்ஜுவன் குவார்ட்ஸ் படிகத்தைக் கொண்டு மீயொலியை உண்டாக்கும் முறையை உருவாக்கினார். மின்துடிப்பு தந்தால் படிகம் அதிர்ந்து ஒலி எழுப்பும். எதிரொலி வந்து மோதினால் அதே படிகம் மின்துடிப்பைத் தரும். படகின் அடியில் பொருத்தப்படும் டிரான்ஸ்டியூசர் என்ற உறுப்பு இன்றும் இதே கொள்கையில்தான் இயங்குகிறது.

ஆழத்தை அளக்கும் கருவிகளில் அடித்தரைக்கு மேலே சில வேளைகளில் விளங்காத குறிகள் தோன்றின. அவை மீன்கள் என்பது படிப்படியாகவே உறுதியானது. ஜப்பானில் கிமுரா என்ற ஆய்வாளர், குளத்து மீன்கள் ஒலிக்கற்றையைக் கடக்கும்போது அதில் மாற்றம் ஏற்படுவதை 1929-இல் வெளியிட்டார். நார்வேயின் ஆஸ்கர் சுண்ட், லோஃபோட்டன் பகுதியில் காட் மீன்கள் நீரில் ஒரு குறிப்பிட்ட ஆழத்தில் மெல்லிய அடுக்காகத் திரண்டிருப்பதைக் காட்டும் எதிரொலிப் பதிவை 1935-இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார். இங்கிலாந்தில் ஹெர்ரிங் மீன்பிடிப் படகின் தலைவரான ரொனால்ட் பால்ஸ், எக்கோ சவுண்டரின் குறிகளைத் தம் வலையில் விழுந்த மீன்களோடு பல ஆண்டுகள் ஒப்பிட்டுப் பார்த்தார்.

மீன் எதிரொலி தருவதற்கு முதன்மைக் காரணம் அதன் உடலுக்குள் இருக்கும் காற்றுப்பை. தமிழகக் கடற்கரையில் 'நெட்டி' என்று கூறி விற்கப்படுவது இதுவே. மீனின் தசை அடர்த்தியில் நீரை ஒத்திருப்பதால் ஒலி பெரும்பாலும் அதை ஊடுருவிச் சென்றுவிடுகிறது. காற்று நிறைந்த பை ஒலியை வலுவாகத் திருப்பி அனுப்புகிறது. காற்றுப்பை உள்ள மீன்களில் எதிரொலியின் 90 விழுக்காடோ அதற்கு மேலோ இந்தப் பையிலிருந்தே வருகிறது.

மீன்பிடிப்புக்கென்றே உருவாக்கப்பட்ட நடைமுறைக் கருவியை 1948-இல் ஜப்பானின் நாகசாகி பகுதியைச் சேர்ந்த ஃபுருனோ சகோதரர்கள் உருவாக்கினர். போருக்குப் பின் மிஞ்சிய ஆழமானிகளை வாங்கி மாற்றியமைத்து அவர்கள் சோதனைகளைத் தொடங்கினர். கருவியை நம்ப மீனவர்கள் முதலில் தயங்கினர். கோட்டோ தீவுகளில் அதைப் பயன்படுத்திய படகு பெருமளவு மீனுடன் கரை திரும்பிய பிறகே நம்பிக்கை பரவியது.

ஏரி எழுப்பிய வேறு கேள்வி

கடல் மீனவர் தேடியது பெருங்கூட்டத்தை. ஹெர்ரிங், மத்தி போன்றவை பல மீட்டர் அகலத் திரளாகச் செல்வதால் அவற்றின் எதிரொலியும் பெரிதாக இருந்தது. ஏரியில் தூண்டில் போடுபவர் தேடுவது பெரும்பாலும் தனி மீனை அல்லது சிறு கூட்டத்தை. அந்த மீனும் நீரின் நடுவே இல்லாமல் பாறையோரத்திலோ மூழ்கிய மரத்தடியிலோ தங்கியிருக்கும். கடற்கருவிகளில் வெற்றிடக் குழாய்கள் இருந்தன. அவை எடை மிகுந்தவை, மின்சாரத்தையும் அதிகம் உண்பவை. எனவே சிறு துடுப்புப் படகுக்கு அவை பொருந்தவில்லை.

இதே காலத்தில் அமெரிக்காவில் ஏரிகளின் இயல்பே மாறிக்கொண்டிருந்தது. 1933-இல் தொடங்கப்பட்ட டென்னசி பள்ளத்தாக்கு ஆணையமும் பிற அமைப்புகளும் ஆறுகளின் குறுக்கே அணைகளைக் கட்டின. அவற்றால் உருவான நீர்த்தேக்கங்களின் அடியில் பழைய ஆற்றுப்படுகை, சாலை, வேலி, மரங்கள் ஆகியவை மூழ்கிக் கிடந்தன. தமிழ்நாட்டில் 1934-இல் நிறைவுற்ற மேட்டூர் அணையிலும் இத்தகைய நிலைமையைக் காணலாம். நீர்மட்டம் மிகவும் தாழும்போது பண்ணவாடிப் பகுதியில் மூழ்கியிருந்த நந்தி சிலையும் தேவாலயக் கோபுரமும் வெளியே தெரிகின்றன. மேலிருந்து பார்த்தால் சமதளமாகத் தோன்றும் நீருக்கடியில் ஒரு பழைய நிலப்பரப்பு அப்படியே இருக்கிறது.

அந்த நிலப்பரப்பே மீன் தங்கும் இடத்தை முடிவு செய்கிறது என்று வடகரோலினாவைச் சேர்ந்த பக் பெரி கற்பித்து வந்தார். அடித்தரையின் மேடுபள்ளங்களைத் தொடர்ந்து மீன் பிடிக்கும் முறையின் தந்தையாக அவர் கருதப்படுகிறார். அடித்தரையைத் தொட்டபடி செல்லும் உலோகத் தூண்டிலை இழுத்து ஆழத்தை உணர்வதே அவரது வழி. கண்ணால் காணும் வழி அப்போது இல்லை.

பச்சைப் பெட்டி

1950களின் தொடக்கத்தில் கார்ல் லோரன்சும் அவருடைய மகன்கள் ஆர்லன், டாரல் ஆகியோரும் மூச்சுக்கருவியுடன் ஏரிகளில் மூழ்கி மீன்களின் நடமாட்டத்தைக் கவனித்தனர். உள்நாட்டு ஏரிகளில் ஏறத்தாழ 90 விழுக்காடு மீன்கள் 10 விழுக்காடு நீர்ப்பரப்பில் திரண்டிருக்கின்றன என்று அவர்கள் முடிவுக்கு வந்ததாக லோரன்ஸ் நிறுவனத்தின் வரலாற்றுக் குறிப்பு கூறுகிறது. வெப்பநிலை, காற்று, வெளிச்சம், இரை ஆகியவை மாறும்போது மீன்கள் இடம்பெயர்வதையும் அவர்கள் கண்டனர்.

ஏரியின் பெரும்பகுதியில் மீன் இல்லை என்றால், முதல் வேலை அந்தப் பகுதியை விலக்குவது. மீனைக் காண்பதற்கு முன்பே மீன் இருக்க வாய்ப்பில்லாத இடத்தை அறிந்து நகர்ந்துவிட வேண்டும். ஏரிக் கருவியின் முதன்மைப் பயன் இதிலிருந்தே தொடங்கியது.

டிரான்சிஸ்டர் 1947-இல் கண்டுபிடிக்கப்பட்டிருந்ததால் சிறிய, மின்கலத்தில் இயங்கும் கருவி சாத்தியமாயிற்று. 1957-இல் லோரன்சின் முதல் டிரான்சிஸ்டர் கருவி விற்பனைக்கு வந்தது. 1959-இல் 'பச்சைப் பெட்டி' என்று புகழ்பெற்ற கருவி வெளியானது. 1984-இல் உற்பத்தி நிறுத்தப்படும் வரை பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் செய்யப்பட்டதாக நிறுவனம் குறிப்பிடுகிறது.

இக்கருவிக்குத் திரை கிடையாது. ஆழ எண்கள் எழுதப்பட்ட வட்ட முகப்புக்குப் பின்னால் சிறு நியான் விளக்கு ஒன்று வேகமாகச் சுழலும். விளக்கு சுழியத்தைக் கடக்கும்போது ஒலி கிளம்பும். எதிரொலி திரும்பும் கணத்தில் விளக்கு மின்னும். மின்னிய இடத்தில் உள்ள எண்ணே ஆழம். அடித்தரை பட்டையாகவும் மீன் மெல்லிய கோடாகவும் தெரியும். கடினமான தரை வலுவாக மின்னும், சேற்றுத்தரை மங்கலாக மின்னும். பார்ப்பவர் கவனிக்கத் தவறினால் குறி மறைந்துவிடும். ஆனாலும் எதிரொலியைச் சிறிதும் தாமதமின்றிக் காட்டுவதால், உறைந்த ஏரிகளில் பனியைத் துளைத்து மீன் பிடிப்பவர்கள் இவ்வகைக் கருவியை இன்றும் பயன்படுத்துகின்றனர்.

தாள், திரை, வரைபடம்

மறைந்துபோகும் குறியைப் பதிவாக்கியவை தாள் வரைவிகள். நகரும் தாளின் மீது ஊசி ஒன்று எதிரொலியைக் கருங்கோடாகப் பதித்தது. படகு கடந்து வந்த அடித்தரை முழுவதும் ஒரு படமாகக் கிடைத்தது. தாளுக்கு ஆன செலவும் ஈரத்தில் அதைப் பாதுகாக்கும் தொல்லையும் இதன் குறைகள்.

1980களில் திரவப் படிகத் திரைகள் தாளின் இடத்தைப் பிடித்தன. பயன்படுத்துவது எளிதாயிற்று. ஆனால் தொடக்ககாலத் திரைகளில் நுணுக்கம் குறைந்தது. செங்குத்தாக 100 புள்ளிகள் மட்டுமே கொண்ட திரை 20 மீட்டர் ஆழத்தைக் காட்டினால் ஒரு புள்ளி 20 சென்டிமீட்டரைக் குறிக்கும். தரையை ஒட்டி நிற்கும் மீன் தரையோடு கலந்துவிடும். அதே ஆழத்தை 480 புள்ளிகளில் காட்டினால் ஒரு புள்ளி ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் ஆகும். திரையின் அகலத்தைவிடச் செங்குத்துப் புள்ளிகளின் எண்ணிக்கையைப் பார்த்து வாங்க வேண்டும் என்ற அறிவுரை இந்தக் கணக்கிலிருந்து வந்தது.

அடுத்த பெரிய மாற்றம் ஒலியால் வந்ததன்று. குடிமக்கள் பயன்படுத்தும் ஜிபிஎஸ் குறிகைகளில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே புகுத்தி வந்த பிழை 2000 மே மாதத்தில் நீக்கப்பட்டது. அதன்பின் ஏரியின் நடுவே மூழ்கிய ஒரு மேட்டைக் குறித்து வைத்து, மறுநாள் அதே இடத்துக்குத் திரும்புவது சிறு படகினருக்கும் எளிதாயிற்று. அதுவரை கரையில் உள்ள மரத்தையும் கட்டடத்தையும் நேர்கோட்டில் வைத்து இடத்தை நினைவில் கொண்டவர்களின் அறிவு, ஒரு பொத்தானுக்குள் அடங்கியது.

எதிரொலி சொல்வதும் சொல்லாததும்

கருவியின் திரை ஒளிப்படம் அன்று. அதன் வலது ஓரமே இப்போதைய நிலை. இடப்பக்கம் தெரிவதெல்லாம் சற்று முன் நிகழ்ந்தவை. படகு நகரும்போது மீன் ஒலிக்கற்றையின் ஓரத்தில் நுழைந்து, நடுவைக் கடந்து, மறு ஓரத்தில் வெளியேறுகிறது. ஓரத்தில் தொலைவு கூடுதலாகவும் நடுவில் குறைவாகவும் இருப்பதால் அதன் குறி வில்லாக வளைகிறது. படகும் மீனும் அசையாமல் நின்றால் ஒரே மீன் நீண்ட கோடாகத் தெரியும். நீண்ட கோடு நீண்ட மீனைக் குறிப்பதில்லை.

எதிரொலிக்குப் பதிலாக மீன் வடிவச் சின்னங்களைக் காட்டும் வசதியும் பல கருவிகளில் உண்டு. இது கருவியின் ஊகமே. காற்றுக் குமிழிகள், மிதக்கும் கிளை, நீர்ச்செடி ஆகியவையும் மீனாகக் காட்டப்படலாம். ஆழமான ஏரிகளில் கோடைக்காலத்தில் வெதுவெதுப்பான மேல்நீருக்கும் குளிர்ந்த அடிநீருக்கும் இடையே உண்டாகும் வெப்பச்சரிவு அடுக்கு கூட, உணர்திறனை உயர்த்தினால் மங்கலான பட்டையாகத் திரையில் தோன்றும்.

எதிரொலியின் எல்லையைப் பொதுமக்களுக்கும் உணர்த்திய நிகழ்வு 1987 அக்டோபரில் ஸ்காட்லாந்தின் நெஸ் ஏரியில் நடந்தது. அங்கு வாழ்வதாகச் சொல்லப்படும் விலங்கைத் தேடி, எக்கோ சவுண்டர் பொருத்திய 20-க்கும் மேற்பட்ட படகுகள் வரிசையாக ஏரியைச் சலித்தன. கருவிகளில் பலவற்றை டாரல் லோரன்ஸ் வழங்கியிருந்தார். சில எதிரொலிகளுக்கு உடனடி விளக்கம் கிடைக்கவில்லை. அவை எந்த விலங்கையும் மெய்ப்பிக்கவும் இல்லை. அங்கே ஏதோ ஒன்று இருக்கிறது என்பதைத்தான் எதிரொலி சொல்லும். அது என்ன என்று முடிவு செய்வது பார்ப்பவரின் பொறுப்பு.

பக்கவாட்டுக் காட்சியும் நேரலைக் காட்சியும்

படகுக்கு நேர் கீழே மட்டும் பார்த்த நிலை 2005-இல் மாறியது. அலபாமாவின் ஹம்மின்பேர்ட் நிறுவனம், கடலடி ஆய்விலும் கண்ணிவெடித் தேடலிலும் பயன்பட்டு வந்த பக்கவாட்டு சோனாரைத் தூண்டில்காரர்களின் படகுக்குக் கொண்டுவந்தது. படகின் இருபுறமும் உள்ள மரக்கிளைகள், பாறைகள், பழைய பாலங்கள் ஆகியவை நிழலோடு தெரிந்தன. 2010களில், ஒரே அதிர்வெண்ணுக்குப் பதிலாகப் பல அதிர்வெண்களை வரிசையாக அனுப்பும் 'சிர்ப்' முறை பரவி, அருகருகே நிற்கும் இரு மீன்களைப் பிரித்துக் காட்டியது.

2018-இல் கார்மின் நிறுவனம் 'லைவ்ஸ்கோப்' கருவியை வெளியிட்டது. இது படகுக்கு முன்னால் உள்ள நீரைக் காணொளி போல் காட்டுகிறது. தூண்டில் இறங்குவதும், மீன் அதை நோக்கித் திரும்புவதும், விலகிச் செல்வதும் திரையில் தெரிகின்றன. மீன் இருக்கக்கூடிய இடத்தைத் தேடிய காலம் போய், குறிப்பிட்ட மீனைப் பார்த்து அதற்கே தூண்டில் போடும் காலம் வந்தது.

தேர்வுக்கான அளவுகோல்கள்

மேற்கண்ட வரலாற்றிலிருந்து தேர்வுக்கான சில அடிப்படைகளைத் தொகுக்கலாம்.

ஆழம்: ஏரிகளுக்கு 200 கிலோஹெர்ட்ஸ் அளவிலான உயர் அதிர்வெண் பொருத்தமானது. 50 கிலோஹெர்ட்ஸ் போன்ற தாழ் அதிர்வெண் ஆழ்கடலுக்கு உரியது. அது ஆழமாகச் செல்லும், ஆனால் நுணுக்கம் குறையும். கருவி பல நூறு மீட்டர் ஆழம் காட்டும் என்ற விளம்பரம் 15 மீட்டர் ஏரியில் பயனற்றது.

கற்றைக் கோணம்: 20 பாகைக் கற்றை 10 மீட்டர் ஆழத்தில் ஏறத்தாழ 3.5 மீட்டர் விட்டமுள்ள வட்டத்தையும், 60 பாகைக் கற்றை ஏறத்தாழ 11.5 மீட்டர் வட்டத்தையும் காட்டும். குறுகிய கற்றை இடத்தைத் துல்லியமாகச் சொல்லும். அகன்ற கற்றை ஆழம் குறைந்த நீரில் கூடுதல் பரப்பைத் தேடும். 2 மீட்டர் ஆழத்தில் குறுகிய கற்றை 70 சென்டிமீட்டர் வட்டத்தையே காட்டுவதால், ஆழமற்ற பாசன ஏரிகளில் கீழ்நோக்கிய கருவியால் பயன் மிகக் குறைவு.

படகு: சொந்தப் படகின் பின்பலகையில் டிரான்ஸ்டியூசரை நிலையாகப் பொருத்தலாம். வாடகைப் படகுக்கு உறிஞ்சுபிடி கொண்ட கையடக்க வகை ஏற்றது. எங்கே பொருத்தினாலும் அதன் முகத்துக்கும் நீருக்கும் இடையே காற்றுக் குமிழிகள் புகக்கூடாது. காற்று ஒலியைத் தடுத்துவிடும். விலையுயர்ந்த கருவி ஒன்றும் காட்டாமல் போவதற்குத் தவறான பொருத்தமே பல வேளைகளில் காரணம்.

வரைபடம்: பெரிய, அறிமுகமில்லாத நீர்த்தேக்கத்தில் மீன் பிடிப்பவருக்கு ஜிபிஎஸ் வசதியே முதன்மையானது. சிறிய, பழகிய ஏரியில் அது இல்லாமலும் சமாளிக்கலாம்.

காட்சி வகை: அடித்தரையின் அமைப்பை அறியப் பக்கவாட்டுக் காட்சி உதவும். ஆழம், வெப்பநிலை, தரையின் கடினம் ஆகியவை மட்டும் போதுமெனில் எளிய வண்ணத்திரைக் கருவி போதுமானது. பச்சைப் பெட்டி தந்ததைவிட அதுவே பலமடங்கு செய்தி தருகிறது.

எல்லை பற்றிய விவாதம்

நேரலைக் காட்சி, கருவியின் வரலாற்றில் முன்பு இல்லாத அளவு எதிர்ப்பைச் சந்தித்தது. அமெரிக்காவின் தொழில்முறைத் தூண்டில் போட்டிகளில் ஒன்றான தேசிய தொழில்முறை மீன்பிடிச் சங்கம், 2025 பருவத்திலிருந்து முன்னோக்கிய சோனாரைத் தடை செய்தது. வேறு சில போட்டிகள் பயன்படுத்தும் நேரத்தையோ கருவிகளின் எண்ணிக்கையையோ கட்டுப்படுத்தின.

நீரையும் பருவத்தையும் படிக்கும் திறமையைக் கருவி தேவையற்றதாக்குகிறது என்பது எதிர்ப்பாளர்களின் வாதம். முன்பு ஆழ்நீரில் யாருக்கும் தெரியாமல் தப்பிய பெரிய, வயது முதிர்ந்த மீன்களுக்கு இப்போது ஒளிவிடம் இல்லை என்பது அவர்களது மற்றொரு கவலை. ஒவ்வொரு புதிய கருவிக்கும் இதே போன்ற தயக்கம் எழுந்தது, மீனைப் பார்ப்பது வேறு, அதைத் தூண்டிலைக் கடிக்கச் செய்வது வேறு, பிடிக்கும் எண்ணிக்கைக்குத்தான் வரம்பு இருக்கிறதே என்பது ஆதரவாளர்களின் பதில்.

கடலுக்கும் ஏரிக்கும் உள்ள வேறுபாடு இந்த விவாதத்தின் அடியில் இருக்கிறது. கடல் மீன் கூட்டம் இடம்பெயர்ந்து செல்ல முடியும். ஏரி ஒரு மூடிய நீர்நிலை. அதில் உள்ள பெரிய மீன்களின் எண்ணிக்கை குறைவு, அவை வளர்ந்து பெரிதாகப் பல ஆண்டுகள் ஆகின்றன. மீன்வள விதிகள் பெரும்பாலும் எத்தனை மீன், எந்த அளவு, எந்தப் பருவம் என்பவற்றையே வரையறுத்து வந்துள்ளன. எவ்வளவு தெளிவாகப் பார்க்கலாம் என்பதை அவை பொதுவாகக் கேட்டதில்லை, ஏனெனில் நீரின் இருள் இயல்பாகவே ஒரு வரம்பாக இருந்தது. அந்த இருள் விலகிவரும் நிலையில், எந்தக் கருவியை வாங்குவது என்ற கேள்வியோடு எத்தனை மீன்களை நீரிலேயே விட்டுவருவது என்ற கேள்வியும் ஏரி மீன்பிடிப்பில் இணைந்துவிட்டது.